ஏரி, வெள்ளம், வறட்சி, வெயில்: ஊராட்சி அளவில் மக்களே திட்டம் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏரிப்பாசனத்தை நம்பியிருக்கும் கிராம ஊராட்சிகளை மனதில் வைத்து எழுதியது. ஏரி என்பதை உங்கள் ஊர் வழக்கப்படி குளம், கண்மாய், தாங்கல் என்று வாசித்துக்கொள்ளலாம்.

‘காலநிலைத் தாங்குதிறன் திட்டம்’ என்கிறார்களே, ஓர் ஊராட்சியில் அது நடைமுறையில் என்ன?

நான்கு தாள்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எப்படி வெளியேறுகிறது என்ற வரைபடம் ஒன்று. வெள்ளத்திலும் வெயிலிலும் முதலில் அடிபடும் வீடுகள், நிலங்கள், ஆட்களின் பட்டியல் ஒன்று. பருவமழைக்குமுன் முடிக்க வேண்டிய வேலைகளை இடம், அளவு, நிதி, பொறுப்பாளர் என்று பிரித்து எழுதிய அட்டவணை ஒன்று. மழை கொட்டும் இரவில் யார் யாரை எழுப்ப வேண்டும் என்ற தாள் ஒன்று.

மாவட்ட அளவில்தான் திட்டம் இருக்கிறதே, ஊருக்குத் தனியாக எதற்கு?

2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஓர் அமைப்பு இருக்கிறது. மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். அந்தத் திட்டம் தேவைதான். ஆனால் உங்கள் வரத்துக்கால்வாயில் எந்தச் சிறுபாலம் குப்பையால் அடைபட்டிருக்கிறது என்பது அதில் இருக்காது.

இன்னொரு காரணம் மழையின் போக்கு. தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை 90 செ.மீ. சொச்சம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் 95 செ.மீ. பெய்தது. அந்த மழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது. மறு ஆண்டு பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. பழைய கலங்கல்களை (ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் வழிந்தோடும் அமைப்பு) இப்படிப்பட்ட மழைக்கு யாரும் கட்டவில்லை. ‘ஏரி நிரம்பினால் போதும்’ என்பதே இதுவரை நம் ஊர்களின் ஒரே கவலையாக இருந்தது. நிரம்பிய பிறகு என்ன என்பதையும் இனி யோசித்தாக வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

ஜனவரியில். வெள்ளத் தடம் சுவரில் காயாமல் இருக்கும்போதே தொடங்கினால்தான் பேச்சு உண்மையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. மண் வேலையை ஏரி வறண்டிருக்கும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையில்தான் செய்ய முடியும். கிராம சபை நாட்களும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கின்றன. ஜனவரி 26-இல் போன மழையில் நடந்ததைப் பேசிப் பட்டியலைத் தொடங்குங்கள். மார்ச் 22 தண்ணீர் தினம். வரைபடத்தைச் சபையில் விரியுங்கள். மே 1-இல் வேலைகளைத் தீர்மானமாக்குங்கள். ஆகஸ்ட் 15-இல் முடிந்தது எது, முடியாதது எது என்று கணக்குக் கேளுங்கள். அக்டோபர் 2-இல் அடுத்த ஆண்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் மீதியைச் சேருங்கள்; அந்தத் திட்டத்துக்கான மக்கள் இயக்கம் அந்த நாளையொட்டித்தான் தொடங்குகிறது. நவம்பர் 1 சபை வரும்போது மழை வந்துவிட்டிருக்கும். அன்று இரவுக்காவல் பட்டியலைப் படித்துக் காட்டினால் போதும்.

மே மாதத்தில் தீர்மானம் போட்டு, ஆகஸ்டில் மதிப்பீடு வந்து, செப்டம்பர் கடைசியில் ஜேசிபி இறங்குவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. புதிதாகக் கொட்டிய மண் கரையில் இறுகுவதற்குள் மழை பிடித்து, இருந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகஸ்ட் தாண்டினால் கரைமேல் புதுமண் போடுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதே மேல். அடைப்பு நீக்குவது, மதகுப் பலகை மாற்றுவது போன்றவற்றை மட்டும் அந்தச் சமயத்தில் செய்யலாம்.

கிராம சபைக்கு எத்தனை பேர் வர வேண்டும்?

மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் சபை உண்டு. விவாதப் பொருளைச் சேர்க்கச் சொல்லி அவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே 2022 விதிகளின்படி பகுதி சபையும் வார்டு குழுவும் இருக்கின்றன. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அங்கும் பொருந்தும்.

வரைபடத்தை யார் வரைவது? எங்களுக்கு வரையத் தெரியாதே.

கோலம் போடத் தெரிந்தவர்கள் ஊரில் இருப்பார்கள். பள்ளி மைதானத்திலோ கோயில் வாசலிலோ தரையில் கோலமாவால் ஏரி, கரை, மதகு, கலங்கல், தெருக்கள், சாலை என்று போடுங்கள். வெள்ளம் நின்ற வீட்டுக்குச் செங்கல் துண்டு, வற்றிய கிணற்றுக்குப் புளியங்கொட்டை, அடைபட்ட பாலத்துக்குக் கருங்கல் என்று வையுங்கள். தரையில் போடுவதில் ஒரு வசதி உண்டு: தவறு என்று படுபவர் குனிந்து அழித்துவிட்டுத் திருத்துவார். தாளில் பேனாவால் வரைந்ததை யாரும் திருத்தத் துணிவதில்லை. முடிந்ததும் மேலிருந்து படம் எடுத்து, பிறகு தாளில் ஏற்றுங்கள்.

அதோடு நிறுத்தினால் அது நினைவில் உள்ள ஊர் மட்டும்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம், அ-பதிவேடு (ஊர் நிலங்களின் பதிவேடு), புலப்பட நகல் ஆகியவற்றைப் பார்த்து, எது நீர்நிலைப் புறம்போக்கு, எது பட்டா என்று புல எண்களைக் குறியுங்கள். பிறகு நடக்க வேண்டும். வரத்துக்கால்வாயின் தலையிலிருந்து ஏரி வரைக்கும், கலங்கலிலிருந்து அடுத்த ஏரியின் வாய் வரைக்கும் போங்கள். கையில் ஒரு நீள நாடா. ஒவ்வொரு பாலத்திலும் கண்ணின் (தண்ணீர் போகும் திறப்பின்) அகலம், உயரம், அடைப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். கால்வாய் 4 மீட்டர் அகலம், சாலைக்கு அடியில் 60 செ.மீ. குழாய் ஒன்று மட்டும் என்றால், ஊருக்குள் தண்ணீர் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கரையில் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) போதும். 20 மீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். மாடும் டிராக்டரும் ஏறி இறங்கும் இடத்தில் கரை ஒரு முழம் தாழ்ந்திருப்பது சாதாரணம். கரையின் சராசரி உயரம் எவ்வளவு என்பது வெள்ளத்துக்கு முக்கியமில்லை, அந்த ஒரு முழம்தான் முக்கியம்.

ஏரி எங்கள் ஊரில் இருக்கிறது. ஊராட்சியே வேலை செய்துவிடலாமா?

ஆயக்கட்டு (ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஊருணி, குட்டை போன்றவை பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. துறை ஏரிக்குக் கிராம சபைத் தீர்மானம் ஒரு வலுவான வேண்டுகோள், அவ்வளவே. மதகு, கலங்கல், கரை மூன்றிலும் துறைப் பொறியாளர் சொல்லாமல் கை வைக்காதீர்கள். வேலையைத் தொடங்கிய பிறகு இது தெரியவந்து பாதியில் நின்ற ஊர்கள் பல.

தீர்மானத்தை எப்படி எழுதினால் நகரும்?

‘ஏரியைத் தூர்வாரிச் சீரமைக்க வேண்டும் என்று சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது’ என்று எழுதினால் அது பதிவேட்டிலேயே கிடக்கும். ஒரு மாதிரி:

‘புல எண் 112/3-இல் உள்ள வரத்துக்கால்வாயில், அம்மன் கோயில் சிறுபாலம் முதல் ஏரி வாய் வரை 640 மீட்டர் நீளத்துக்குச் சராசரி 0.6 மீட்டர் ஆழம், 3 மீட்டர் அகலம் மண் நிறைந்துள்ளது. ஏறத்தாழ 1,150 கன மீட்டர் அகற்ற வேண்டும். ஆகஸ்ட் 31-க்குள் முடிக்க ஊராட்சி ஒன்றியத்தைக் கேட்டுக்கொள்கிறோம். கண்காணிக்க ஐவர் குழு: …’

எண்ணைப் பாருங்கள்: 640 × 0.6 × 3 = 1,152. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தால் ஒன்றியப் பொறியாளர் வந்து சரிபார்ப்பார். போடாவிட்டால் அவர் வருவதற்கே ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். தீர்மானப் பதிவேட்டின் நகலை வாங்கி வையுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

பல கைகளிலிருந்து. 15-வது நிதிக்குழுக் காலத்தில் (2021–26) ஊராட்சிக்கு வந்த மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும், 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் ஒதுக்கியாக வேண்டும் என்ற கட்டு இருந்தது. மீதி 40 சதவீதம் கட்டில்லாதது. நடப்பு ஆண்டின் பங்கீட்டை ஊராட்சிச் செயலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மண் வேலைக்கு ஊரக வேலை உறுதித் திட்டம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்குத்தொகை கட்ட வேண்டும். குடிமராமத்தை (ஊராரே நீர்நிலையைப் பராமரிக்கும் பழைய முறை) 2017-இல் அரசு மீண்டும் கொண்டுவந்தபோது பாசனதாரர் பங்கு 10 சதவீதம். அதை உழைப்பாகவும் கொடுக்க முடிந்தது.

இரவுக்காவல், மழைமானி, தொடர்புப் பட்டியல் இவற்றுக்கு நிதியே தேவையில்லை. நிதி வரட்டும் என்று இவற்றையும் சேர்த்துத் தள்ளிப்போடுவது வீண்.

முழு ஏரியையும் தூர்வாரினால் எல்லாப் பிரச்சினையும் தீராதா?

தீராது. முதலில் கணக்கு. நீர்ப்பரப்பு 50 ஏக்கர் உள்ள ஏரியில் ஒரே ஓர் அடி மண் எடுத்தால் 21,78,000 கன அடி, அதாவது 21,780 யூனிட். டிராக்டர் டிரெய்லர் ஒரு நடைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் ஏற்றும். ஒரு நாளைக்கு 100 நடை ஓடினாலும் 7 மாதத்துக்கு மேல் ஆகும். அதே ஏரிக்கு வரும் கால்வாய் அடைபட்டிருந்தால், தோண்டிய பள்ளத்துக்குள் வரத் தண்ணீரும் இருக்காது.

ஆகவே எங்கள் வரிசை இது: முதலில் வரத்துக்கால்வாய், அடுத்து கலங்கலும் அது போகும் வாய்க்காலும், மூன்றாவது கரையின் தாழ்ந்த இடங்கள், நான்காவது மதகு. தூர்வாருவது ஐந்தாவது. ஊரில் இந்த வரிசையைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் ஜேசிபி ஏரிக்குள் இறங்குவதைத்தான் எல்லாரும் கண்ணால் பார்க்க முடியும்.

தூர்வாரும்போது நடக்கும் தவறுகள் மூன்று. கரையை ஒட்டித் தோண்டுவது ஒன்று. கரையின் பாதம் பலமிழந்து மழையில் சரியும். குறைந்தது 10 மீட்டராவது தள்ளி எடுங்கள். அடியிலுள்ள களிமண் படுகையைத் தாண்டி மணல் தெரியும் வரை தோண்டுவது இன்னொன்று. பிறகு ஏரியில் தண்ணீர் தங்காது. மதகின் அடிமட்டத்துக்கும் கீழே தோண்டிவிட்டுப் பாசனத்துக்குக் கூடுதல் நீர் கிடைக்கும் என்று நம்புவது மூன்றாவது. அந்தத் தண்ணீர் மதகில் ஏறாது. மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் அது நல்லதுதான். ஆனால் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

வண்டல் மண்ணை வயலுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை. 75 கன மீட்டர் என்பது சுமார் 26 யூனிட். எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதைக் குழு கொடி நட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் லாரி திரும்ப வசதியான ஒரே இடத்தில் கிணறு மாதிரி பள்ளம் விழும். அடுத்த மழையில் அதில் பிள்ளைகள் இறங்குவார்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதுமா?

வெட்டினால் தழைக்கும். தூரோடு பிடுங்க வேண்டும். கரையின்மேல் உள்ளதை மட்டும் பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: பெரிய வேரைப் பிடுங்கிய குழியை இறுக்கி மூடாவிட்டால் அதுவே கசிவுக்கு வழியாகும்.

கலங்கலில் மூட்டை அடுக்கித் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குகிறார்கள். ஊருக்குள் சண்டை வருகிறது.

இந்தச் சண்டையைத் தீர்க்காமல் போடும் எந்தத் திட்டமும் திட்டமில்லை. ஆயக்கட்டுக்காரருக்கு ஏரி நிறைய வேண்டும். உள்வாயில் (ஏரி நிறைந்தால் தண்ணீர் ஏறும் பகுதி) பட்டா உள்ளவருக்கும் குடியிருப்பவருக்கும் ஏரி நிறையக் கூடாது. கலங்கலுக்குக் கீழே உள்ள ஊருக்குத் தண்ணீர் மெதுவாக வர வேண்டும். மூவரும் சொல்வது அவரவர் இடத்தில் நியாயம்தான். மழைக்கு நடுவில், நள்ளிரவில், மண்வெட்டியோடு நின்று பேசுவதால்தான் கைகலப்பாகிறது.

கோடையிலேயே மூன்று தரப்பையும் கலங்கல் அருகில் கூட்டுங்கள். அக்டோபர், நவம்பரில் கலங்கல் திறந்தே இருக்கும், ஒரு மூட்டையும் கூடாது என்பது முதல் விதி. டிசம்பர் பிற்பாதியில் மழை தணிந்ததும், பொறியாளர் அனுமதித்த உயரத்துக்கு மட்டும் பலகை வைக்கலாம். மூன்று தரப்பின் கையெழுத்தும் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் பலகையை எடுக்கும் பொறுப்பு யாருக்கு என்று பெயரோடு எழுதுங்கள். நீர்க்கட்டி, மடைக்காரர் என்று பரம்பரையாக மதகு பார்ப்பவர் இருந்தால் அந்தப் பெயர் அவருடையதாக இருக்கட்டும். அவருக்கு அறுவடையில் தரும் நெல் நின்றுபோயிருந்தால், அதைத் திரும்பத் தொடங்குவதும் திட்டத்தில் ஒரு வரிதான்.

கீழ் ஊர் வேறு ஊராட்சி என்றால் அவர்களையும் அழையுங்கள். ஏரிகள் சங்கிலியாகத்தான் இருக்கின்றன; ஊராட்சி எல்லை தண்ணீருக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு எப்போதும் அதே பத்துப் பேர்தான் வருகிறார்கள்.

கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். பகல் 11 மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் வைத்தால் கூலிவேலைக்குப் போகிறவர் வர முடியாது. பல ஊர்களில் ஆதிதிராவிடர் குடியிருப்பும் ஏரிக்கரையோர இருளர் குடிசைகளும்தான் தாழ்ந்த பக்கத்தில் இருக்கின்றன. வெள்ளம் முதலில் போகும் இடத்துக்கு வரைபடம் கடைசியாகப் போவது முறையல்ல. தெருவுக்கு ஒரு கூட்டம், மாலை 6 மணிக்கு மேல், அந்தத் தெருவிலேயே வையுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வீட்டுவாரியாகத் தயாரிக்கும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் ஊராட்சித் திட்டத்தோடு சேர வேண்டும் என்று ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பட்டியலோடு மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும்: போன மழையில் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள், எங்கே போய்த் தங்கினீர்கள்?

குத்தகைக்குப் பயிரிடுபவர், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்பவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தேடிப்போய்க் கேளுங்கள்.

ஆக்கிரமிப்பு?

நீர்நிலைகளைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது. அளப்பது வருவாய்த் துறையின் வேலை. ஊர்க் குழு கல் நடக் கூடாது. எங்கள் அனுபவத்தில் முதலில் இடிபடுவது ஏழையின் குடிசை, கடைசிவரை நிற்பது கால்வாயை நிரப்பிப் போட்ட மனைப்பிரிவு. தீர்மானத்தில் புல எண் வரிசையில் எல்லாவற்றையும் எழுதுங்கள், குடிசைக்காரருக்கு மாற்று மனை கேட்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள்.

மழையை நாங்களே அளக்க முடியுமா?

நேர்ச்சுவர் உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டில்லை. குளிர்பான பாட்டிலானால் மேல்பகுதியை வெட்டி, அடியில் மேடுபள்ளம் மறையும் வரை கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறியுங்கள். மரம், சுவரிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்குப் படியுங்கள், வானிலை ஆய்வு மையத்தின் கணக்கும் அந்த நேரத்துக்குத்தான்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. ஒரு ஹெக்டேரில் 10 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இதை வைத்து உங்கள் ஊருக்கு ஒரு தூண்டுகோல் அமைத்துக்கொள்ளுங்கள்: உதாரணமாக, கலங்கலுக்கு ஓர் அடி கீழே ஏரி நிற்கிறது, கனமழை எச்சரிக்கையும் இருக்கிறது என்றால் அன்றிரவு கரைக்காவல். இரண்டு மூன்று ஆண்டுப் பதிவு சேர்ந்ததும் இந்த எண்ணைத் திருத்துங்கள்.

ஆற்றோர ஊர்களுக்கு உள்ளூர் மழை மட்டும் போதாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. தென்பெண்ணையின் கீழ்ப்பகுதியில் அதை வாங்கிய ஊர்களில் அப்போது பெரிய மழை இருந்தே ஆக வேண்டியதில்லை. மேலே உள்ள அணையின் நீர்வரத்து, திறப்பு இரண்டையும் பார்ப்பதற்கென்றே ஒருவரை வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. வாட்ஸ்அப் குழு நல்லதுதான், ஆனால் மின்சாரம் போனால் செல்பேசிக் கோபுரமும் போகும். கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தண்டோரா இவற்றில் எது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

கரையில் தண்ணீர் கசிகிறது. என்ன செய்வது?

பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் தகவல் சொல்லிவிட்டு, தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள்; நேரம் குறைவு. கீழ்ப்பக்க வீடுகளை அப்போதே கிளப்புங்கள், பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கசியும் வாயை வெளிப்பக்கம் களிமண் வைத்து அடைப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் தவறு. அழுத்தம் வேறு இடத்தில் வெடிக்கும். ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் போல மணல் மூட்டைகளை வளையமாக அடுக்குங்கள். வளையத்துக்குள் நீர் ஏற ஏற எதிரழுத்தம் கூடி, வரும் தண்ணீர் தெளியும். தெளிந்த உயரத்தில் நிறுத்தி, மேலே ஒரு வாய் விட்டு வழியவிடுங்கள். ஏரியின் உட்பக்கம் சுழி தெரிந்தால் வைக்கோல் பொதியும் தார்ப்பாயும் போட்டு மூட்டை ஏற்றி அங்கேதான் அடைக்க வேண்டும். நீரில் இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது.

மூட்டையை முட்டக் கட்டாதீர்கள். பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படியும். செங்கல் போல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதியுங்கள். ஓர் அடி உயரத்துக்கு அடிப்பாகம் மூன்று அடி அகலம் வேண்டும். சாக்கு, சவுக்குக் கட்டை, மணல் மூன்றையும் செப்டம்பரிலேயே கரைக்கு மேட்டுப்பக்கம் சேர்த்து வையுங்கள். மழை வந்த பிறகு மணல் வண்டி கரைக்கு வராது.

வெயிலுக்கும் ஊர்த் திட்டம் வேண்டுமா?

வேண்டும். 2024-இல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வேலைத்தளத்தில் நிழல், தண்ணீர், காலை நேர வேலை. தகர, கல்நார்க் கூரை அங்கன்வாடிக்கு வெள்ளைப் பூச்சு. தனியாக இருக்கும் முதியோர் பட்டியல்.

நாங்கள் கடற்கரை ஊர்.

மணல் மேட்டைச் சமப்படுத்த விடாதீர்கள். அதில் படரும் அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் ‘சுத்தம்’ என்ற பெயரில் அகற்றினால் மேடு காற்றில் போய்விடும். மணல் மேடுகளும் அலையாத்திக் காடுகளும் 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் இருக்கின்றன. அலையாத்தி நடுவதாக இருந்தால் முதலில் ஓத நீர் (கடல் ஏறி இறங்கும் நீர்) வந்துபோக மீன்முள் வடிவ வாய்க்கால் வெட்ட வேண்டும். நீர் தேங்கி உப்பேறிய இடத்தில் கன்று நட்டால் படம் எடுக்கத்தான் உதவும்.

மழை முடிந்த பிறகு?

தண்ணீர் நின்ற உயரத்தை அது வடிந்த வாரத்திலேயே குறியுங்கள். பள்ளிச் சுவர், நீர்த்தொட்டித் தூண், பாலம் என்று மூன்று நான்கு இடங்கள் போதும். கோடு, தேதி, அன்றைய மழை மி.மீ.-இல். கரியால் எழுதினால் அடுத்த பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மறையும். எனாமல் பெயிண்ட் நல்லது. பாலத்தில் கொத்தனாரைக் கொண்டு உளியால் கொத்திவிடுங்கள்.